வாசகர் கேள்வி: எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சையைக் கம்பெனியிடம் எப்படிச் சொல்வது?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவருக்கு வயது 38. பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் உற்பத்திப் பிரிவில் ஆறு ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்கிறார். தினமும் கம்பெனி பஸ்ஸில் பாலத்தைக் கடந்து வந்து 12 மணி நேர ஷிஃப்ட் பார்க்கிறார். நீரிழிவு இருக்கிறது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறும் இருக்கிறது, பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 39. பல ஆண்டுகள் உணவுக் கட்டுப்பாடும் மாத்திரைகளும் முயன்று பார்த்த பிறகு, இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றும் ஸ்லீவ் அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவர் பரிந்துரைத்திருக்கிறார். தீபாவளி முடிந்து நவம்பர் கடைசியில் தேதி கொடுக்கப்பட்டுள்ளது. மருத்துவமனையில் மூன்று நாள், பிறகு வீட்டில் ஏறக்குறைய நான்கு வாரம் ஓய்வு என்று சொல்லியிருக்கிறார்கள்.

இந்த ஆண்டு லைன் லீடர் பதவிக்கு அவர் பெயர் பேசப்படுகிறது. மதிப்பீடு டிசம்பரில் நடக்கும். சூப்பர்வைசர் ஒரு தமிழ்ப் பெண்மணி. இவர் அவரை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார். இருவரும் ஒரே தாமானில் குடியிருப்பவர்கள், ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். “விஷயம் தெரிந்தால் லைன் முழுவதும் பரவி, வெள்ளிக்கிழமை பூசைக்குள் கோயிலுக்கும் வந்துவிடும்” என்று எழுதுகிறார். இந்த ஆண்டு ஏற்கெனவே ஒன்பது நாள் எம்.சி. (மருத்துவச் சான்றிதழ் விடுப்பு) எடுத்துவிட்டதால் மீதி 13 நாள்தான் இருக்கிறது, சம்பளம் நாலாயிரம் ரிங்கிட்டைத் தாண்டிவிட்டதால் வேலைவாய்ப்புச் சட்டமும் தமக்குப் பொருந்தாது என்று நினைக்கிறார். பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் என்று சொல்லிவிடலாமா என்று கேட்கிறார். நாத்தனாரோ வேலையை விட்டுவிட்டு, உடம்பு தேறிய பிறகு வேறு கம்பெனியில் சேரச் சொல்கிறார். ‘நான் யாரிடம், எதை, எப்போது சொல்ல வேண்டும்?’ என்பதே அவருடைய கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சட்டக் கேள்விகளுக்கு இடையிடையே, ஏதோ தவறு செய்து அகப்பட்டுக்கொண்டவரைப்போல நீங்கள் பேசுவது என்னை வருத்தியது. முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். எத்தனை நாள் வர மாட்டீர்கள், திரும்பி வந்ததும் எந்த வேலையைச் செய்ய முடியும், எதைச் செய்யக் கூடாது என்பதை அறியும் உரிமை கம்பெனிக்கு உண்டு. உங்கள் வயிற்றில் என்ன ஆபரேஷன் நடந்தது என்பதைச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் சொல்லாமல் இருப்பதும் பொய் சொல்வதும் ஒன்றல்ல. பித்தப்பைக் கல் யோசனையை இன்றே கைவிட்டுவிடுங்கள். ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

இது அழகுக்காகச் செய்துகொள்ளும் ஆபரேஷன் அல்ல

உங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் ‘நானாக விரும்பிச் செய்துகொள்வதுதானே’ என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவ விடுப்பைக் கேட்க உங்களுக்கு நா எழாததற்குக் காரணம் இந்த எண்ணம்தான் என்று நினைக்கிறேன். முன்கூட்டியே தேதி குறித்துச் செய்வதால் ஒரு சிகிச்சை ஆடம்பரமாகிவிடாது. கண்புரைக்கும் கருப்பைக் கட்டிக்கும் தேதி குறித்துத்தான் செய்கிறார்கள். உடற்பருமனை உலகச் சுகாதார நிறுவனம் நாட்பட்ட நோய் என்றே சொல்கிறது. பி.எம்.ஐ. 35க்கு மேல் இருந்தால், வேறு நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த அறுவைச் சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்று இத்துறை மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கமும் அனைத்துலகக் கூட்டமைப்பும் 2022இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. ஆசிய மக்களுக்கு 27.5லிருந்தே இதைப் பரிசீலிக்கலாம் என்றும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. உங்களுக்கு 39, அதோடு நீரிழிவும் மூச்சுக் கோளாறும். நம் நாட்டில் 2023இல் எடுக்கப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். அதாவது உங்கள் லைனில் நிற்பவர்களில் பாதிப் பேருக்கு இந்தப் பிரச்சினை ஏதோ ஓர் அளவில் இருக்கக்கூடும்.

இதைச் சொல்வதற்குச் சட்டக் காரணமும் உண்டு. வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60எஃப் பிரிவு, நோயைப் பெயர் சொல்லி வகைப்படுத்துவதில்லை. பதிவு பெற்ற மருத்துவர் பரிசோதித்து, மருத்துவமனையில் சேர வேண்டியது அவசியம் என்று சான்று கொடுத்தால் அதற்குரிய விடுப்பு உண்டு. அந்த அவசியத்தை முடிவு செய்கிறவர் உங்கள் மருத்துவர். பக்கத்து மேசைக்காரரோ எச்.ஆர். (மனிதவளப் பிரிவு) எழுத்தரோ அல்ல.

விடுப்புக் கணக்கு

நீங்கள் கேள்விப்பட்டிருப்பது பழைய சட்டம். 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட பெரிய திருத்தங்கள் 2023 ஜனவரி 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தன. முன்பு சாதாரண மருத்துவ விடுப்பையும் மருத்துவமனை விடுப்பையும் சேர்த்தே ஆண்டுக்கு 60 நாள் என்று கணக்கிட்டார்கள். இப்போது இரண்டும் தனித்தனி. ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 22 நாள் சாதாரண மருத்துவ விடுப்பு. மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை வந்தால் அதைத் தொடாமல் இன்னொரு 60 நாள். ஆக, ஒன்பது நாள் எம்.சி. எடுத்துவிட்டதால் இந்த 60 நாளில் ஒரு நாள்கூடக் குறையவில்லை. இவற்றைத் தவிர உங்களுக்கு ஆண்டு விடுப்பு குறைந்தது 16 நாள் உண்டு. அதைப் பெரும்பாலும் தொட வேண்டியிராது.

சம்பளம் பற்றிய அச்சமும் பழைய கதையே. அதே திருத்தத்துக்குப் பிறகு, சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் இச்சட்டம் எல்லா ஊழியருக்கும் பொருந்தும். மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குகிறவர்களுக்கு மிகைநேரச் சம்பளம், விடுமுறை நாள் வேலைக்கான சம்பளம், பணிநீக்க இழப்பீடு போன்ற சில பிரிவுகள் மட்டுமே பொருந்தாது. மருத்துவ விடுப்பு அந்த விலக்குப் பட்டியலில் இல்லை. உங்கள் அடிப்படைச் சம்பளம் 3,200 என்றும் ஓவர்டைம் சேர்த்துத்தான் நாலாயிரத்தைத் தாண்டுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த 4,000 கணக்கில் ஓவர்டைம் சேர்க்கப்படுவதில்லை. ஆகவே நீங்கள் அந்த எல்லைக்குள்ளேயேதான் இருக்கிறீர்கள்.

சிக்கல் வரக்கூடிய இடம் வேறு. மருத்துவமனையில் நீங்கள் படுத்திருக்கப்போவது மூன்று நாள். அந்த மூன்று நாளை மட்டும் மருத்துவமனை விடுப்பாகவும், வீட்டில் ஓய்வெடுக்கும் நான்கு வாரத்தைச் சாதாரண எம்.சி.யாகவும் கழிக்க நினைக்கும் கம்பெனிகள் உண்டு. மருத்துவமனையில் இருக்க வேண்டிய அளவுக்கு உடல்நிலை உள்ளவர் என்று மருத்துவர் சான்று கொடுத்து, ஆனால் ஏதோ காரணத்தால் அவர் அங்கே தங்காமல் இருந்தாலும், அவர் மருத்துவமனையில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும் என்று 60எஃப் பிரிவிலேயே ஒரு வாசகம் இருக்கிறது. ஆகவே வீட்டு ஓய்வும் அதே அறுவைச் சிகிச்சையின் தொடர்ச்சி என்பது தெளிவாகத் தெரியும்படி சான்றிதழை எழுதித் தர முடியுமா என்று உங்கள் அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அந்த நாட்களை எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாக ‘பிரச்சினை இல்லை, போய் வாருங்கள்’ என்று சொன்னவர் நீங்கள் திரும்பி வரும்போது வேறு பிரிவுக்கு மாறிப் போயிருக்கலாம்.

இன்னொரு படியை நம்மவர்கள் அடிக்கடி தவறவிடுகிறார்கள். முதலாளி நியமித்த மருத்துவர் ஒருவர் இருந்தால், முதலில் அவரிடம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பதே சட்டத்தின் ஏற்பாடு. அவருடைய சேவை நியாயமான நேரத்திலோ தூரத்திலோ கிடைக்காதபோதுதான் வேறு மருத்துவரின் சான்று அதே மதிப்பைப் பெறும். நீங்கள் நேராகத் தனியார் நிபுணரிடம் போயிருக்கிறீர்கள். நவம்பருக்கு முன் ஒருநாள் கம்பெனியின் பேனல் கிளினிக்குக்குப் போய், நிபுணரின் அறிக்கையைக் காட்டி, ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிவிடுங்கள். பதினைந்து நிமிட வேலை இது. ஆனால் பின்னால் ‘இது எங்கள் டாக்டர் கொடுத்த எம்.சி. இல்லை’ என்ற வாக்குவாதம் எழ இடமில்லாமல் செய்துவிடும்.

விடுப்புக் காலச் சம்பளம் உங்கள் சாதாரணச் சம்பள விகிதத்தில் கிடைக்கும். ஷிஃப்ட் அலவன்ஸும் முழு வருகைக்கான அலவன்ஸும் கிடைக்குமா என்பது உங்கள் வேலை ஒப்பந்தத்தைப் பொறுத்தது. வராத மாதத்துக்கு வருகை அலவன்ஸ் இல்லை என்று எழுதியிருக்கும் ஒப்பந்தங்களே அதிகம். அந்தத் தொகையை எதிர்பார்க்காமல் டிசம்பர் மாதச் செலவைத் திட்டமிடுங்கள்.

எம்.சி.யில் என்ன எழுதியிருக்கும்

சான்றிதழில் ஆபரேஷனின் பெயர் இருக்குமே என்பது உங்களுடைய பெரிய பயம். இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நோயாளியின் சம்மதமின்றி நோய் விவரத்தை மூன்றாம் ஆளிடம் வெளியிடுவது மருத்துவரின் தொழில் நெறிக்கு மாறானது. முதலாளியும் மூன்றாம் ஆள்தான். ‘அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வேலைக்குத் தகுதியில்லை’ என்று எழுதித் தந்தால் போதும். இதை மருத்துவரிடம் நீங்களே கேட்க வேண்டும், அதுவும் ஆபரேஷனுக்கு முன்பே கேட்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும் அவசரத்தில், கவுண்டரில் இருப்பவர் அச்சடித்துக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம்.

எச்.ஆர். விவரம் கேட்டால்? எத்தனை நாள், எப்போது திரும்புவீர்கள், வேலைக்குத் தகுதியா என்ற கேள்விகள் நியாயமானவை. அதற்கு மேல் கேட்டால், ‘வயிறு சம்பந்தமான அறுவைச் சிகிச்சை, மற்ற விவரத்தை என் மருத்துவருக்கும் எனக்கும் இடையில் வைத்துக்கொள்ள விரும்புகிறேன்’ என்று மரியாதையாகச் சொல்லலாம். உடல்நலம் பற்றிய தகவலை 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உணர்வுமிக்க தரவாக வகைப்படுத்தியிருக்கிறது. வேலை தொடர்பான சட்டக் கடமையை நிறைவேற்றத் தேவையானதைத் தவிர மற்றதற்கு உங்கள் வெளிப்படையான சம்மதம் வேண்டும். நீங்கள் எச்.ஆருக்குக் கொடுக்கும் காகிதம் லைனில் பேச்சாக மாறக் கூடாது என்பதை மின்னஞ்சலிலேயே ஒரு வரியில் குறிப்பிடுங்கள்: ‘இத்தகவலை மனிதவளப் பிரிவுக்குள் மட்டும் வைத்திருக்கக் கேட்டுக்கொள்கிறேன்.’

இதில் ஓர் ஓட்டை உண்டு, அதையும் நீங்கள் அறிய வேண்டும். கம்பெனியின் மெடிக்கல் கார்டைப் பயன்படுத்த முயன்றால், மருத்துவமனை காப்புறுதி நிறுவனத்திடம் ஜி.எல். (செலவை ஏற்பதற்கான உத்தரவாதக் கடிதம்) கேட்கும், அந்த விண்ணப்பத்தில் ஆபரேஷனின் பெயர் இருந்தே தீரும், அது எச்.ஆர். பார்வைக்கும் போகக்கூடும். குழுக் காப்புறுதிகள் பலவற்றில் எடைக் குறைப்புச் சிகிச்சை விலக்கப்பட்டிருப்பதால், பணமும் கிடைக்காமல் இரகசியமும் போய்விட்ட நிலையில் நிற்பீர்கள். முதலில் காப்புறுதி நூலின் விலக்குப் பகுதியைப் படியுங்கள், அல்லது கார்டின் பின்புறம் உள்ள எண்ணில் பெயர் சொல்லாமல் பொதுவாகக் கேளுங்கள்.

பித்தப்பைக் கல் என்று சொன்னால் என்ன ஆகும்

நோயின் பெயரைச் சொல்லாமலிருப்பது உங்கள் உரிமை. இல்லாத நோயைச் சொல்வது முதலாளியை ஏமாற்றுவது. நாளை அது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றச்சாட்டாக வரலாம். விசாரணைகளில் தொழிலாளர் தரப்பில் உட்கார்ந்து நான் பார்த்தவரை, விடுப்பு எடுத்ததற்காக யாரும் தோற்றதில்லை, எம்.சி. ஒன்றைச் சொல்ல, வாய் இன்னொன்றைச் சொன்னதாலேயே தோற்றார்கள். சட்டத்தின் முழுப் பாதுகாப்பும் உங்கள் பக்கம் இருக்கும்போது, அதை நீங்களே கையால் தள்ளிவிடுவது போலாகும் அது.

நடைமுறையிலும் அது நிற்காது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பு கூடுகிறது என்பது மருத்துவர்கள் நன்கறிந்த விஷயம். அடுத்த ஆண்டு உங்களுக்கு உண்மையாகவே கல் வந்து மறுபடியும் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், ஏற்கெனவே எடுத்துவிட்ட பித்தப்பைக்கு இரண்டாம் முறை எப்படி விடுப்புக் கேட்பீர்கள்?

கிளீன்ரூமும் தண்ணீரும்

உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன விஷயம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நீங்கள் வேலை செய்வது கிளீன்ரூமில், அதாவது தூசி புகாதபடி காக்கப்படும் அறையில். தலை முதல் கால் வரை மூடிய அங்கி அணிந்து உள்ளே போனால் இடைவேளை வரை தண்ணீர்ப் புட்டியைத் தொட முடியாது. ஸ்லீவ் அறுவைச் சிகிச்சையில் இரைப்பையில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை எடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஒரே மூச்சில் ஒரு கிளாஸ் தண்ணீர் குடிக்க இயலாது; நாள் முழுவதும் வாய் வாயாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிக் குடிக்காமல் நீர்ச்சத்துக் குறைந்து மறுபடியும் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறவர்கள் உண்டு. உணவும் அவ்வாறே: முதலில் திரவம், பிறகு மசித்தது, பிறகு மென்மையானது என்று படிப்படியாக ஏறி, சிறிதளவாகப் பல வேளை சாப்பிட வேண்டியிருக்கும். 12 மணி நேர ஷிஃப்ட்டில், இரண்டே இடைவேளையில் இதை எப்படிச் செய்வீர்கள்?

ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது 30 நிமிட ஓய்வு தர வேண்டும் என்பது சட்டத்தின் பொதுவிதி. ஆனால் உங்களுக்குத் தேவைப்படுவது அதைவிடச் சிறிய, அதைவிட அடிக்கடி வரும் இடைவேளைகள். இங்கேதான் நான் உங்களிடம் வெளிப்படையாக இருக்கச் சொல்கிறேன். ஆபரேஷனின் பெயரைச் சொல்லத் தேவையில்லை, ஆனால் உடலின் தேவையைச் சொல்லியே ஆக வேண்டும். ‘முதல் இரண்டு மாதம் மணிக்கொரு முறை வெளியே வந்து தண்ணீர் குடிக்க வேண்டும், இன்ன தேதி வரை இத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது’ என்று நிபுணரிடம் எழுதி வாங்கி எச்.ஆரிடம் கொடுங்கள். பளு தூக்கும் வேலையை வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் வரை தவிர்க்கச் சொல்வார்கள். உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும். வேலையிடத்தில் தம்முடைய பாதுகாப்பையும் அடுத்தவர் பாதுகாப்பையும் கவனித்துக்கொள்ள வேண்டிய கடமை தொழிலாளருக்கும் உண்டு என்று 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. இரகசியத்தைக் காப்பதற்காக மயக்கத்தோடு இயந்திரத்தின் முன் நிற்காதீர்கள்.

ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரத்தையும் மறந்துவிடாதீர்கள். கல்லீரலைச் சுருங்கச் செய்வதற்காக அந்த நாட்களில் குறைந்த கலோரித் திரவ உணவில் வைப்பது வழக்கம். நீங்களோ நீரிழிவு மருந்து சாப்பிடுகிறவர். மருந்தின் அளவை மாற்றாமல் அப்படியே இரவு ஷிஃப்ட்டில் நின்றால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். அந்த இரண்டு வாரத்துக்குப் பகல் ஷிஃப்ட் கேட்க வேண்டுமா, ஆண்டு விடுப்பில் சில நாள் எடுத்துக்கொள்ள வேண்டுமா என்பதை அடுத்த சந்திப்பிலேயே மருத்துவரிடம் கேளுங்கள்.

கம்பெனி இவற்றை ஏற்றுத்தான் ஆக வேண்டுமா என்று கேட்பீர்கள். லைட் டியூட்டி கொடுத்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் பிரிவு வேலைவாய்ப்புச் சட்டத்தில் இல்லை. இதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட நான் விரும்பவில்லை. ஆனால் 60பி (60P) பிரிவின்கீழ், வேலை நேரத்தையோ நாட்களையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். 60 நாள் என்பது நீண்ட அவகாசம் என்பதால், ஜனவரியில் உங்களுக்கு மாற்றம் தேவையென்றால் விண்ணப்பம் அக்டோபர் இறுதிக்குள் போய்ச் சேர வேண்டும்.

பதவி உயர்வும், வேலை போய்விடும் என்ற பயமும்

சட்டப்படி எடுத்த மருத்துவ விடுப்புக்காக உங்களை வேலையிலிருந்து நீக்க முடியாது. நீக்கினால், நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில், 1967ஆம் ஆண்டின் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்கீழ் முறையிடலாம். அந்த 60 நாள் கெடுவை மட்டும் தவறவிடவே கூடாது. மருத்துவ விடுப்புச் சம்பளத்தைத் தர மறுத்தால் அது தொழிலாளர் இலாகாவுக்கு, அதாவது நம்மவர்கள் ஜே.டி.கே. என்று சொல்லும் அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டிய புகார்.

பதவி உயர்வு விஷயத்தில் நான் உங்களுக்கு அவ்வளவு உறுதி தர இயலாது. யாரை லைன் லீடர் ஆக்குவது என்பது பெரும்பாலும் நிர்வாகத்தின் முடிவு. வேலையில் பாகுபாடு காட்டியதாகப் புகார் வந்தால் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து முடிவு சொல்லலாம் என்று வேலைவாய்ப்புச் சட்டத்தின் 69எஃப் பிரிவு 2023 முதல் இருக்கிறது. ஆனால் எது பாகுபாடு என்பதை அந்தச் சட்டம் விளக்கவில்லை. விடுப்பில் போனதால்தான் பதவி கிடைக்கவில்லை என்று நிரூபிப்பது கடினம். அதனால் சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டால், மருத்துவரைக் கேட்காமல் தேதியில் கை வைக்காதீர்கள் என்றே சொல்வேன். மதிப்பீட்டுக்கு வேண்டிய உங்கள் ஆண்டு வேலைப் பதிவுகளை, உற்பத்தி இலக்கு, பயிற்சி கொடுத்த புதியவர்கள், பெற்ற பாராட்டுக் கடிதம் உட்பட, நவம்பருக்குள் எழுதி ஒப்படைத்துவிட்டுப் போங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் உங்களுக்காக அந்தக் காகிதம் அங்கே இருக்கும்.

நாத்தனாரின் யோசனை அன்பினால் வந்ததுதான்; ஆனால் அதைக் கேட்காதீர்கள். ராஜினாமா செய்த நாளோடு ஆறு ஆண்டுப் பணிமூப்பு போய்விடும். புதிய இடத்தில் மருத்துவ விடுப்பு 14 நாளிலிருந்தும் ஆண்டு விடுப்பு 8 நாளிலிருந்தும் தொடங்கும். வேலையில் சேருமுன் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் இப்போது மறைக்க நினைப்பதையே அங்கே புதியவர்களிடம் சொல்ல நேரிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபரேஷன் நடக்கும் மாதத்தில் உங்களுக்குச் சம்பளமே இருக்காது.

எச்.ஆருக்கு என்ன எழுதுவது, அக்காவிடம் என்ன சொல்வது

ஆபரேஷன் தேதிக்கு ஐந்தாறு வாரம் முன்பு எச்.ஆருக்கு எழுதுங்கள். மருத்துவ விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தெரிவித்தாலே சட்டத்துக்குப் போதும். தெரிவிக்கத் தவறினால் அனுமதியின்றி வராததாகக் கருதப்படும். ஆனால் முன்பே தெரிந்த ஆபரேஷனைக் கடைசி நிமிடத்தில் சொல்வது, உங்கள் இடத்தில் நிற்கப்போகிறவருக்கும் கஷ்டம், உங்கள் மேல் உள்ள நல்லெண்ணத்துக்கும் கேடு. மலாயிலோ ஆங்கிலத்திலோ நீங்கள் வழக்கமாக எழுதும் மொழியில், இந்தப் பொருள் வரும்படி எழுதினால் போதும்:

‘என் மருத்துவரின் ஆலோசனைப்படி நவம்பர் (இன்ன தேதி) எனக்கு அறுவைச் சிகிச்சை நடைபெறவுள்ளது. மூன்று நாள் மருத்துவமனையிலும் அதன்பின் சுமார் நான்கு வாரம் ஓய்விலும் இருக்க வேண்டும் என்று மருத்துவர் கூறியுள்ளார். பேனல் கிளினிக்கின் பரிந்துரைக் கடிதத்தை இத்துடன் இணைத்துள்ளேன். மருத்துவமனைச் சான்றிதழை டிஸ்சார்ஜ் ஆனதும் அனுப்பிவைப்பேன். இந்நாட்கள் எந்த விடுப்புக் கணக்கில் பதியப்படும் என்பதை எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். திரும்பியதும் தேவைப்படும் சில தற்காலிக மாற்றங்களை மருத்துவரின் கடிதத்தோடு தனியே தெரிவிக்கிறேன். இத்தகவலை மனிதவளப் பிரிவுக்குள் மட்டும் வைத்திருக்க வேண்டுகிறேன்.’

சூப்பர்வைசர் அக்காவுக்கு அதே நாளில் நேரில் சொல்லுங்கள், எச்.ஆர். வழியாக அவருக்குத் தெரியவந்தால் ‘என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே’ என்ற மனக்குறை வந்துவிடும். அவருக்குச் சூப்பர்வைசர் என்ற முறையில் வேண்டியது, எத்தனை நாள் ஆள் குறையும் என்பது மட்டுமே. ‘அக்கா, வயிற்றில் ஓர் ஆபரேஷன். பயப்படும்படி ஒன்றும் இல்லை. நாலு வாரத்தில் வந்துவிடுவேன்’ என்று சொன்னால் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மேலே கேட்டால், ‘எல்லாம் முடிந்து நல்லபடி வந்த பிறகு சொல்கிறேன் அக்கா’ என்று கையைப் பிடித்துச் சொல்லுங்கள். நம் மக்களுக்கு அந்த மொழி புரியும்.

ஆனால் ஒன்றை இப்போதே யோசித்துவையுங்கள். முதல் சில மாதங்களில் உங்கள் எடை கண்ணுக்குத் தெரியும்படி குறையும். மூன்றாம் மாதம் தொடங்கிச் சிலருக்குத் தலைமுடியும் நிறையக் கொட்டும், பிறகு வளர்ந்துவிடும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் பார்க்கிறவர்கள் ‘என்ன இப்படி இளைத்துவிட்டாய்’ என்று கேட்கத்தான் போகிறார்கள். கேன்டீனில் ‘ஏன் இவ்வளவுதான் சாப்பிடுகிறாய், இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொள்’ என்று தட்டில் போடத்தான் போகிறார்கள். அப்போது இரகசியத்தைத் தொடர்வதா, நம்பிக்கையான இரண்டு பேரிடம் சொல்லிவிடுவதா என்பது உங்கள் விருப்பம். சட்டம் அதில் தலையிடாது. என் கருத்தைக் கேட்டால், லைனில் உங்களோடு ஒரே ஷிஃப்ட்டில் நிற்கும் ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லிவையுங்கள். திடீரென்று தலை சுற்றி உட்கார்ந்துவிட்டால், இவருக்கு நீரிழிவு உண்டு, வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று முதலுதவிக்கு வருகிறவரிடம் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பேனல் கிளினிக் போவதை இந்த வாரமே வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது நிபுணரின் அறிக்கையில் ஒரு நகலும், நீங்கள் இப்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியலும் கையில் இருக்கட்டும். எச்.ஆர். எழுத்தில் தரும் பதில் நான் மேலே சொன்ன கணக்குக்கு மாறாக இருந்தால், அதற்குப் பதில் எழுதுமுன் அந்த மின்னஞ்சலையும் உங்கள் வேலை ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு ஜே.டி.கே. அலுவலகத்துக்குப் போய் விளக்கம் கேளுங்கள். அங்கே ஆலோசனை கேட்கக் கட்டணம் இல்லை.